மணியம்மாள் தள்ளிப்போட்ட ஊசி

கரிக்கலாம்பாக்கத்தில் மனைக்குக் கல் நடுவதென்றாலும் போர் போடுவதென்றாலும் முதலில் மணியம்மாளைத்தான் கேட்பார்கள். நாள்காட்டியைப் பார்க்காமலே ராகுகாலம், குளிகை, அஷ்டமி எல்லாம் ஒப்பிப்பாள். பருவத்துக்கு வந்த பசுவைக்கூட, நேரம் சரியில்லை என்று சினை ஊசி போட விடாமல் காக்க வைத்தவள் அவள். குறித்துக் கொடுத்த நேரத்தில் போட்ட போர்கள் வற்றியதும் உண்டு. அதெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? அவளும் வைத்துக்கொள்ளவில்லை.

புருஷன் போனபிறகு அவளுக்கு மிச்சம் ஒரே மகள். செல்வகுமாரி சேதராப்பட்டுக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அந்த நேரம் பார்த்து மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். கீமோ ஏற்றினால் சினைப்பை கெட்டுப்போகலாம், அதற்கு முன் கருமுட்டைகளை எடுத்து உறைய வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. தாலி ஏறாத பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று மணியம்மாள் இழுத்தாள். செல்வகுமாரி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"உசுரு பொழச்சா மட்டும் எனக்குப் பத்தாதும்மா. ஒரு புள்ள வோணும்."

அடுத்த தெரு நர்ஸ் ஜோஸ்பின் தினமும் வந்து வயிற்றில் ஊசி போட்டாள். முட்டைகள் வளர்ந்தன. கடைசியாக ஓர் ஊசி. முட்டைகளைப் பக்குவப்படுத்துவது அதுதான். ஞாயிறு மாலை ஐந்துக்குப் போட வேண்டும், செவ்வாய் விடியலில் எடுத்துவிடுவோம், அந்த வாரமே கீமோ, இன்னொரு தடவைக்கு நாளில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. செல்வகுமாரி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்தவள் மணியம்மாள்.

ஞாயிறு ஐந்து மணி நட்டநடு ராகுகாலம். வம்சத்துக்குப் போடுகிற ஊசியை அந்த நேரத்திலா போடுவது? மகளிடம் ராத்திரிக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு சரியாக ஐந்துக்கு வந்து நின்ற ஜோஸ்பினை வாசலிலேயே மடக்கி, ஆறு தாண்டட்டும் என்றாள். ஜோஸ்பின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிறகு மாதா கோவிலில் பூசை இருக்கிறது என்று போனவள், இவர்கள் ராத்திரிச் சோறு உண்டு முடித்த பிறகுதான் திரும்பினாள். நல்ல நேரத்தில் ஊசி இறங்கியது. மணியம்மாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை முட்டை எடுத்து முடித்து வெளியே வந்த டாக்டரம்மாவின் முகம் சரியில்லை. நிறைய கிடைத்திருக்கிறது, ஒன்றிரண்டு தவிர எதுவும் பக்குவமாகவில்லை, மருந்துக்கு இந்த உடம்பு கேட்கவில்லை போலிருக்கிறது என்றார். உள்ளே மகள் மயக்கம் தெளியாமல் கிடந்தாள்.

"ஊசி அஞ்சுக்குத்தானே போட்டீங்க?"

தலையை ஆட்டிவிட்டால் போதும், பழி செல்வகுமாரியின் உடம்போடு போயிருக்கும். உண்மையைச் சொன்னால் மகளுக்கு முன்னால் அசிங்கப்பட வேண்டும். ஆனால் அந்த உடம்பு ஏற்கெனவே பட்டது போதாதா?

"இல்ல டாக்டரம்மா. ராவு காலம்னு நாந்தான் தள்ளிப் போட்டேன். ஒம்போது இருக்கும். எம் பொண்ணு உடம்பு மேல குத்தம் இல்ல."

டாக்டரம்மா அவளைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு சொன்னார்: கோளாறு நேரத்தில்தான் என்றால் வழி இருக்கிறது. அந்த முட்டைகளைத் தூக்கிப் போடாமல் லேபிலேயே ஊட்டச்சத்துத் திரவத்தில், உடம்புச் சூட்டில் வைத்துப் பார்க்கலாம். சிலது பக்குவமாகலாம். அதுவும் உறுதியில்லை.

மயக்கம் தெளிந்த மகளிடம் மணியம்மாளே போய்ச் சொன்னாள். செல்வகுமாரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீடு வந்தும் அம்மா பக்கம் திரும்பவில்லை. வைத்த காபி ஆறிப்போனது.

மறுநாள் புதன்கிழமை உச்சி வேளையில் லேபிலிருந்து போன் வந்தது. செல்வகுமாரி ஸ்பீக்கரில் போட்டாள். ஆறு முட்டைகள் பக்குவமாகிவிட்டன, காக்க வைத்தால் கெடும், இப்போதே உறைய வைக்கப் போகிறோம், சம்மதமா என்று கேட்டார்கள்.

மகள் தாயைப் பார்த்தாள். நேற்றிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள். மணியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரை. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை என்ன நேரம் என்று அந்த ஊரில் அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள்.

"இன்னாடி பாக்குற? வைக்கச் சொல்லு."