தொழுவத்தில் பத்து வளையங்கள்

அன்றைக்கு அந்தத் தொழுவத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி கல்பனா, எங்கள் நாலு வயது மகள் தாரா, காரில் அழைத்துப்போன பக்கத்து அபார்ட்மென்ட் முரளி, கதவைத் திறந்துவிட்ட வெள்ளைக்கார அம்மா. ஆடு மாடு எதுவும் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் கடைசியில் அதைத்தான் கேட்கிறார்கள்.

பேய், ஆவி எதையும் நான் நம்பினவன் இல்லை. இருக்கிற கவலைக்கே நேரம் போதாது. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு அப்பாவின் பால்மாடுகளைப் பார்த்துக்கொண்டவன், இப்போது கடல் தாண்டி வந்து, ஆலன் என்கிற ஊரில் ஒரு ஓட்டலில் சமையல். வாசல் கதவைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் படுக்க மாட்டேன். எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை தாரா. நாலு வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள், ஸ்பீச் தெரபிக்கு ஒரு வருஷம் அலைந்தோம், நானும் கல்பனாவும் அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்துபோயிருந்தோம்.

முரளிதான் ஒரு திங்கட்கிழமை, "சும்மா வாங்கண்ணே, பாப்பாவுக்கும் ஒரு சேஞ்ச்" என்று இரண்டு மணி நேரம் டிரைவ் பண்ணி அழைத்துப்போனான். முன்பு கத்தோலிக்கப் பாதிரிமார்கள் மிஷன் நடத்திய இடம். அவர்கள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, முழு மரங்களை அடுக்கிக் கட்டிய தொழுவத்தை மட்டும் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் நாலரை இருக்கும். வாசலில் நின்ற தாரா திடீரென்று சுவரோடு ஒட்டி ஒதுங்கினாள். கொஞ்சம் பொறுத்து முன்னால் வந்தாள், மறுபடி ஒதுங்கினாள். விளையாடுகிறாள் என்று முரளி போனில் படம் எடுத்தான். நம்பினால் நம்புங்கள், அது விளையாட்டு இல்லை. மேய்ந்த மாடுகள் உள்ளே வரும்போது வாசலில் நிற்கிறவன் அப்படித்தான் ஒதுங்குவான், கொம்புக்கு இடம் விட்டு, வயிற்றை உள்ளிழுத்து. அவள் மாட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஒன்பது தடவை ஒதுங்கினாள். உள்ளே மாடு கட்டும் இரும்பு வளையங்களை எண்ணினேன். பத்து.

நேரமாகிவிட்டது என்று அந்த அம்மா கதவை இழுத்தார். தாரா கதவைப் பிடித்துக்கொண்டு, "ஒன் மோர்" என்றாள்.

அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். கல்பனா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"பாப்பா பேசிடுச்சுண்ணே, நீங்க ஏன் இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்றான் முரளி.

"கதவை மூட வேணாம்னு சொல்லுடா அந்தம்மாகிட்ட."

"டைம் ஆச்சுண்ணே, மூடத்தான் செய்வாங்க."

மூடிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும்போது தாரா எங்கள் அபார்ட்மென்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். "ஒன் மோர்." வேறு பேச்சே கிடையாது. ஒரு நாள் நான் பூட்டிவிட்டேன், நாலு நாள் அதையும் சொல்லவில்லை.

"திறந்துதான் வைங்களேன். எது வந்தா என்ன, புள்ள பேசட்டும்" என்றாள் கல்பனா. திறந்தே வைத்தேன். தூக்கம்தான் போனது.

போன திங்கட்கிழமை வாசலில் நின்றவள் சுவரோடு ஒட்டி ஒதுங்கினாள். ஒரே ஒரு தடவை. எங்கள் வாசல் குறுகல், வயிற்றை நன்றாக உள்ளிழுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "லாக் பண்ணு, அப்பா" என்றாள்.

அப்பா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பூட்டினேன். இழுத்துப் பார்க்கவில்லை. ஹால் பக்கம் திரும்ப முடியாமல், கதவைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றேன்.