நாய் நின்றதால் வந்த நாற்காலி

உட்காரக்கூடாத வேலைகள் பல உண்டு. என் வேலை, படுத்திருக்கும் நாய்க்குப் பக்கத்தில் நிற்பது. வளைகுடா நாட்டில், தேராவில் க்ரீக் என்னும் கடற்கழி ஓரமாக ஒரு பழைய வணிகர் மாளிகையை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். தடித்த சுவர், காற்றுக் கோபுரம், நாய்களுக்கும் அனுமதி. விருந்தாளி சாப்பிடப் போனால் நாயைத் தனியாக விடக்கூடாது, துணைக்கு நான். விருந்தாளியின் அறையில் ஊழியர் உட்காரக்கூடாது என்பது இன்னொரு விதி. நின்றே சம்பாதிக்கும் தோழர்களே, அந்த வலி காலில் தொடங்கி இடுப்பில் குடியேறுவதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கோரிக்கை

எட்டாவதோடு பள்ளி முடிந்தது. மீதிப் படிப்பைத் துண்டுப் பிரசுரங்கள் கொடுத்தன. மதுரைத் துணிக்கடைகளில் நாளெல்லாம் நிற்கும் பெண்களுக்கு ஸ்டூல் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அதற்குப் பிறகு ஊரில் எவனும் எனக்கு வேலை தரவில்லை, இங்கே வந்தேன். இங்கே கொடி, கோஷம் எல்லாம் மாஃபி, அரபியில் ‘கிடையாது’. ஆகவே மேனேஜர் சுந்தரிடம் தனியாகப் போய் ஒரே ஒரு நாற்காலி கேட்டேன். சென்னைக்காரர், மரியாதையாகத்தான் பேசுவார்.

“மாரிமுத்து, நாய்க்கு மெத்தையே போட்டிருக்கோம், அது பக்கத்துல நீங்களும் உட்கார்ந்தா கெஸ்ட் என்னங்க நினைப்பாங்க?”

ஆஸ்கர்

விடவில்லை. வாராவாரம் கேட்டேன். வாராவாரம் சிரித்தார்.

ஒருநாள் ஒரு ஜெர்மன் அம்மா ஆஸ்கர் என்ற கிழட்டு நாயோடு வந்தார். கன்றுக்குட்டி உயரம். எதிரில் ஆள் நின்றால் அதுவும் படுக்காது. அந்த அம்மா சாப்பிட்டுத் திரும்பும்வரை நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். அவர் கதவைத் திறந்தபோது ஆஸ்கரின் பின்னங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. என் கால்களும்தான், அவற்றை யாரும் பார்க்கவில்லை. புகார் போனது. மறுநாள் நாற்காலியோடு சுந்தரே வந்தார்.

“நாய் பாவம், ரொம்பக் களைச்சுப் போச்சாம், இனிமே உட்கார்ந்துக்கங்க.”

ரோஷம்

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாய் பெயரில் வந்த நாற்காலி வேண்டாம், வேலைக்காரனுக்கு என்று சொல்லிக் கொடுங்கள் என்று மறுத்துவிட்டேன். சுந்தர் நாற்காலியை அங்கேயே விட்டுப் போனார், நான் மறுபடி நின்றேன். ஆஸ்கரும் நின்றது. வாசல் காவலுக்கு நிற்கும் நேபாளி பகதூர் தன் டீ இடைவேளையில் எட்டிப் பார்த்தார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன், சகோதரன் என்கிற ‘பாய்’ மட்டும் அவருடையது.

“பாய், முதல்ல உட்காருங்க, கோபத்தை உட்கார்ந்துக்கிட்டும் படலாம்.”

உட்கார்ந்தேன். ஆஸ்கர் பெருமூச்சோடு சரிந்து படுத்தது.

வாசல்

உட்கார்ந்த பிறகுதான் பகதூரின் கால்கள் என் மனதை உறுத்தின. அன்றுமுதல் நாய் டியூட்டி முடிந்ததும் நாற்காலியை வாசலுக்குத் தூக்கிப் போவேன். “வாசல்ல நாய் எங்கங்க இருக்கு?” என்று சுந்தர் திருப்பி அனுப்புவார். மறுநாளும் தூக்கிப் போவேன். “விட்டுடுங்க பாய், விசா போயிடும்” என்று பகதூரே கெஞ்சினார். நான் விடவில்லை.

குளிர்காலத்தில் ஜெர்மன் அம்மா மறுபடி வந்தார். சுந்தர் வரவேற்க ஓடினார். ஆஸ்கர் படியேறவில்லை, கதவருகே விறைப்பாக நின்ற பகதூரைப் பார்த்தபடி அதுவும் நின்றது. அந்த அம்மா கயிற்றை இழுத்துப் பார்த்தார். பின்னங்கால்கள் நடுங்கத் தொடங்கின. அவர் சுந்தரை முறைத்தார். இதுவரை மேனேஜரிடம் வணக்கம் தவிர எதுவும் பேசியிராத பகதூர் வாயைத் திறந்தார்.

“சார், எனக்கு ஒண்ணுமில்ல, நாய் நிக்குது.”

அன்றே வாசலுக்கும் நாற்காலி வந்துவிட்டது. அடுத்து சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவருக்கு ஒரு ஸ்டூல் வேண்டும், அங்கே நாயை விடமாட்டார்கள் என்பதால், இந்தக் கோரிக்கையை மட்டும் மனிதன் பெயரிலேயே வைக்கப்போகிறேன்.