நெத்திலி கொடுத்து வாங்கிய பிள்ளை

மெர்லிமாவ் கடைத்தெருவில் நின்று முனியாண்டி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். எந்த முனியாண்டி, டயர் கடைக்காரனா, கோயில் தலைவரா, போன வருசம் செத்துப்போனவனா என்று நாலு கேள்வி திரும்பி வரும். நெத்திலி என்று கேட்டால் போதும். அவன் புக்கிட் காத்திலுக்குக் குடிபோய் வெகுகாலம் ஆச்சே என்று சொல்லி, எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்கள்.

பேர்தான் நெத்திலி. ஆள் திமிங்கலம். ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறான். அவன் ஏறி உட்கார்ந்ததும் வேன் ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து நிமிரும். பின்னால் இருக்கும் பெண்பிள்ளைகள், "அங்கிள் ஏறியாச்சு, இனிமே கெளம்பலாம்லா" என்று சிரிப்பார்கள். அறுபது வயசாகிறது. இனிப்புநீர், அதுதான் சர்க்கரை வியாதி, வேறு. மனசில் ஒரு கவலை வந்தால் கை தானாக எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். அது அவன் பிறவிக் குணம்.

அந்தப் பேர் எப்படி வந்தது என்றால், அவன் ஆத்தா கருப்பாயியிலிருந்து தொடங்க வேண்டும். கருப்பாயி அவன் அப்பன் மாயாண்டிக்குப் பெண்சாதி மட்டுமல்ல, சொந்த அக்காள் மகளும்கூட. மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இரண்டு பேரும் பால்மரம் வெட்டினார்கள். மூன்று பிள்ளை பிறந்து மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக இவன் பிறந்தான். அப்படித் தங்காத வீட்டில் பிறக்கிற பிள்ளையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, தவிடு போட்டுத் திரும்ப வாங்குவது நம் சனங்களின் வழக்கம். உயிரைக் கொண்டுபோக வருகிறவன் பார்த்து, 'இது இவள் பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினது, இதைக் கொண்டுபோய் என்ன செய்ய' என்று திரும்பிப் போய்விடுவானாம். விலையாகக் கொடுத்த பண்டத்தின் பேரைச் சொல்லித்தான் பிள்ளையைக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் விலை நிற்கும்.

தோட்டத்துக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த அப்துல் முத்தலிப் ராவுத்தரின் பெண்சாதி ஜொஹரா அப்போது புதுப்பெண். கருப்பாயி பிள்ளையை அந்தக் கடைப்படியில் கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஜொஹரா எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு விலை பேச வந்த கருப்பாயி மடியைத் தடவினால், தவிட்டுப் பொட்டணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். முந்தானையில் முடிந்திருந்தது மத்தியானக் குழம்புக்கு வைத்திருந்த ஒரு பிடி நெத்திலிக் கருவாடுதான். கைக்கு வந்ததைக் கொடுத்தாள். ஜொஹராவும் வாங்கிக்கொண்டாள். நெத்திலி பிழைத்துக்கொண்டான்.

பிழைத்தவன் பட்ட பாடு கொஞ்சமா? பள்ளிக்கூடத்தில் அவன் உள்ளே வந்தால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். திலகவதியைப் பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் அண்ணன், "மாப்ள, ஒங்கள வறுக்கிறதா, கொழம்பு வைக்கிறதா?" என்று கேட்டுவிட்டான். திலகவதி அடுப்படியிலிருந்து, "எனக்கு ரெண்டும் வரும்ணே" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காகவே அவளைக் கட்டினான். ஆனால் அன்றைக்கே முடிவும் எடுத்தான், தன் வம்சத்தில் இனி ஒருத்தருக்கும் தின்கிற பண்டத்தின் பேர் கூடாது என்று. ஒரே மகள் பிறந்தபோது வாய் நிறைய பவானேஸ்வரி என்று வைத்தான்.

அந்த பவானிதான் இப்போது பேறுகாலத்துக்கு அப்பன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டுக்கும் எண்கணிதம் பார்த்து, வீட்டுச் சுவரில் எழுத்து ஒட்டி, நல்ல நல்ல பேராக வைத்திருந்தார்கள். மூன்றாவது இப்போது ஆண்பிள்ளை. எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் டொக்டர் சொல்கிறார். மருமகன் தினேஷ்வரன், பிள்ளைக்குக் கிஷன் என்று பேரைப் பதிந்தும் வந்துவிட்டான். ஆனால் பெற்றவள் ஒருநாள்கூட அந்தப் பேரைச் சொல்லவில்லை. வேறு பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. பால் கொடுக்கிறாள், துணி மாற்றுகிறாள், முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

"அம்மா, அது அழுவுது" என்பாள். "அதுக்குத் துணி மாத்தணும்" என்பாள்.

திலகவதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அது என்னாடி அது? ஆட்டுக்குட்டியா? ஒரு தடவ பேரு சொல்லிக் கூப்புடேன்" என்றாள்.

"கூப்புட்டுப் பழகிட்டா அப்புறம் கஷ்டம்மா" என்று சொல்லி பவானி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நெத்திலிக்கு அது கேட்டது. மேசையில் மூடி வைத்திருந்த ஐந்து வடையையும் நின்றபடியே தின்று தீர்த்தான்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் பவானியே வாய் திறந்தாள்.

"அப்பா, இத வித்துடுங்கப்பா."

"என்னாம்மா?"

"ஒங்கள வித்த மாதிரி. ஜொஹரா உம்மா இன்னும் இருக்காங்கதானே?"

நெத்திலி ஒரு கவளத்தை வாயில் திணித்து விழுங்கினான். "அந்தப் பேச்சே வேணாம். நான் பட்டது போதும். நாளைக்கு அவன் யூனிவர்சிட்டி போறப்ப பூசணிக்கான்னு கூப்புடுவானுங்க. ஒனக்குத் தெரியாதும்மா அந்த வலி."

"ஆனா நீங்க இருக்கீங்கள்ல?" என்றாள் பவானி. "அறுவது வயசு வரைக்கும் உக்காந்து சோறு சாப்புடுறீங்கள்ல? எனக்கு அது போதும்."

நெத்திலி இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.

திலகவதி கெட்டிக்காரி. வழக்கம் என்றால் வழக்கம், ஆனால் கண்ட பேர் வந்துவிடக் கூடாது என்று கல்கண்டு வாங்கிப் பொட்டணம் கட்டினாள். "கல்கண்டு. கூப்புட இனிப்பா இருக்கும், எவனும் சிரிக்கவும் மாட்டான்" என்றாள். வீட்டில் அன்றைக்குத்தான் நெத்திலிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் புறப்பட்டது. தினேஷ்வரனுக்கு வேலை. தாயும் மகளும் பிள்ளையோடு பின்னால் உட்கார்ந்தார்கள். கல்கண்டுப் பொட்டணத்தை முன்னால், ஓட்டுகிறவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தது திலகவதியின் பிசகு. காலடியில் ஒரு பை ரம்புத்தான், பின்கட்டு மரத்துப் பழம், ஜொஹராவுக்காகப் பறித்தது. நெத்திலி தீபாவளிக்கு முறுக்கும் பெருநாளைக்கு சலாமும் தவறாமல் கொண்டுபோகிறவன். அவளை உம்மா என்றுதான் கூப்பிடுவான்.

ராவுத்தர் மறைந்து பல வருசம். கடையை மகன் அஹமது பெரிசாக எடுத்துக் கட்டியிருக்கிறார். ஜொஹரா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "வா மவனே. இன்னும் பெருத்துட்டியே! அன்னிக்கே ஒன்ன எடைக்கு வித்திருந்தா நான் பணக்காரி" என்றாள்.

பவானி பிள்ளையைக் கடைப்படியில் ஒரு துண்டை விரித்துக் கிடத்தினாள். திரும்பிப் பார்க்காமல் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப்பாதையின் முனைவரைக்கும் போய் நின்றாள். அஹமது பிள்ளையை எடுத்து உம்மா மடியில் வைத்தார். சாமான் வாங்க வந்த ஒரு சீனத்து அம்மா முட்டைத் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

ஜொஹரா குரலை உயர்த்தினாள். "எங்க கடையில ஒரு புள்ள இருக்கு. யாருக்காச்சும் வேணுமா?"

இரண்டாம் தடவை கேட்டபோதுதான் பவானி, "எனக்கு வேணும் உம்மா" என்று ஓடி வந்தாள்.

"என்னா தருவே?"

திலகவதி வேனுக்குள் கையை விட்டுப் பொட்டணத்தை எடுத்தாள். காகிதம் காற்றுப்போல லேசாக இருந்தது. பிரித்தால் ஓரத்தில் கொஞ்சம் தூள் மட்டும். எல்லாரும் நெத்திலியைப் பார்த்தார்கள். அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணு ஒண்ணாத்தான்லா எடுத்தேன்" என்றான். "புள்ளைக்கு என்னா ஆவுமோன்னு நெனைக்க நெனைக்க..."

"ஒங்களுக்கு இனிப்புநீர் வேற! பேரன் பேரையே தின்னுப்புட்டீங்களே மனுசா!" என்று திலகவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இருலா, கடையிலயே கல்கண்டு இருக்கு, அஹமது, ஒரு பாக்கெட்டு குடுங்க..." என்றான் நெத்திலி.

"கடைச் சாமான கடைக்கே விப்பியா?" என்று ஜொஹரா அதட்டினாள். "ஊட்லேர்ந்து வந்ததுதான் வெல. ஒன் ஆத்தா கருப்பாயி அப்படி ஏமாத்தல."

பவானி குனிந்து வேனில் கைக்கு அகப்பட்டதை எடுத்தாள். ரம்புத்தான், ஒரு கொத்து. சிவந்து, மயிர் சிலிர்த்துக்கொண்டு. ஜொஹரா அதை வாங்கிக்கொண்டு மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறந்த முடி இன்னும் எடுக்காத தலை, வேன் காற்றில் நாலு பக்கமும் குத்திட்டு நின்றது. பழத்தைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

முதலில் சிரித்தது அந்தச் சீனத்து அம்மாதான். முட்டைத் தட்டு ஆடியது. பிறகு அஹமது. நெத்திலி மட்டும் சிரிக்கவில்லை. "வேணாம்மா, நான் ஊட்டுக்குப் போயி வேற கொண்டாறேன். காலத்துக்கும் சிரிப்பானுங்கம்மா" என்று மகளிடம் கெஞ்சினான்.

பவானி பிள்ளையைக் கையில் வாங்கினாள். வாங்கினவள் முகத்தைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், திரும்பவும் முகத்தைப் பார்த்தாள். வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

"சிரிச்சா சிரிக்கட்டும்பா. ரம்புத்தான்! டேய் ரம்புத்தான், அம்மாவப் பாருடா!"

பிள்ளை கண்ணைச் சுருக்கிக் கொட்டாவி விட்டது.

"வித்தாச்சு. திரும்ப எடுத்துக்க மாட்டேன்" என்று ஜொஹரா ஒரு பழத்தை உரித்து நெத்திலியிடம் நீட்டினாள். கையை நீட்டப்போனவன், திலகவதி பார்த்த பார்வையில் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது தினேஷ்வரன் போன் போட்டான். கல்கண்டு எப்படி இருக்கான் என்று கேட்டான். பின்னால் தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம்தான் அவனுக்குப் பதிலாகக் கேட்டது. நெத்திலி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான். மகள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆனது என்று நினைத்தான். ஒரு குழி வந்தது, வேன் குலுங்கியது.

"அப்பா, பாத்து ஓட்டுங்க" என்றாள் பவானி. "ரம்புத்தான் தூங்குறான்."