ஆறு சொம்புக்கு ஒரு சொம்பு

அலுமினியக் குண்டான் முனகத் தொடங்கினால் தண்ணீர் கொதிக்கப்போகிறது என்று அர்த்தம். அந்த முனகல் எங்கே கேட்டாலும் இன்றும் என் முழங்கை தானாக மடங்குகிறது. திருவொற்றியூர் வீட்டில் அப்பாவின் குளியல் தண்ணீரை முழங்கையால்தான் தொட்டுப் பார்ப்பேன்.

அப்பா ஃபவுண்டரியில் இரும்பு உருக்கியவர். அங்கே எல்லாரும் மே மாதத்திலும் வெந்நீரில்தான் குளிப்பார்கள். உலைச்சூடு ஏறிய உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் மூட்டு பிடித்துக்கொள்ளுமாம். வேலை நின்றது, வெந்நீர் நிற்கவில்லை. பிறகு சர்க்கரை வந்து கை கால்களின் உணர்ச்சியைக் கொண்டுபோனது. நான் கல்லூரிக்குப் போயிருந்த ஒருநாள் அவரே விளாவிக் குளித்தார். பாதத்தோல் வெந்து உரிந்தது அவருக்குத் தெரியவே இல்லை. நான் வந்துதான் பார்த்தேன். புண் ஆற ஒரு மழைக்காலம் பிடித்தது. இன்னொரு தடவை என்றால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

அம்மா இல்லாத வீடு. எனக்கோ கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது.

தன்வெப்ப ஏற்புத்திறன் என்று படித்தது அப்போதுதான் உதவியது. வெந்நீர் இழக்கும் வெப்பமும் பச்சைத் தண்ணீர் பெறும் வெப்பமும் சமம். இரண்டுமே நீர் என்பதால் அந்த எண் அடிபட்டுப்போகும். மிஞ்சுவது அளவும் சூடும்தான். கொதிநீர் நூறு டிகிரி, குழாய்த் தண்ணீர் முப்பது, வேண்டியது நாற்பது. ஒன்று அறுபது இறங்க வேண்டும், மற்றது பத்து ஏற வேண்டும். ஆக, பச்சைத் தண்ணீர் ஆறு சொம்புக்குக் கொதிநீர் ஒரு சொம்பு. மார்கழியில் குழாய்த் தண்ணீர் இருபத்தைந்துக்கு இறங்கும். அப்போது நாலுக்கு ஒன்று. பக்கெட்டு குடிக்கும் சூட்டை நான் சேர்க்கவில்லை. அதனால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஆறினால் நல்லதுதான், அது அப்பா பக்கம் இருக்கட்டும்.

"இன்னாமா, குளிக்கறதுக்கும் பரீட்சையா?"

"ஆமா நைனா. ஃபெயிலானா காலு போயிடும்."

"பேஜாரு. பக்கத்து வூட்டுக்காரிய கைய வுட்டுப் பாக்கச் சொல்லட்டா?"

"சொல்லு. அவங்க வூட்டுக்காரரு உன்ன வெளாவுவாரு."

சிரித்தார். பிறகு பாதத்துத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பிய அன்று ஸ்டேஷன் வரை வந்தார். மின்சார ரயில் வந்து நின்றது.

"நைனா, வெயில் காலத்துல?"

"ஆறு."

"மார்கழில?"

"நாலு."

"சந்தேகமா இருந்தா?"

"இன்னொரு சொம்பு பச்சத் தண்ணி. போதுமா? வண்டி கெளம்பிடும். கீழ சந்து பெருசா கீது, காலப் பாத்து ஏறு மா."