பம்பாய்க்கு இரண்டே மணி நேரம்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் இருந்த என் தாய்மாமா ஒரே ஒரு முறை விமானச் சீட்டு வாங்கினார். மதுரையிலிருந்து பம்பாய்க்கு. அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்து, “ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ரெண்டே மணி நேரம்” என்று ஒரு மாதம் எங்கள் உயிரை வாங்கினார்.

அவ்வளவு வேகமான மனிதருக்குப் புறப்படும் நாளில் நல்ல நேரம் அமையவில்லை. அதனால் முந்தின நாளே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைப் பரஸ்தானமாக, அதாவது பயணம் தொடங்கிவிட்ட கணக்காக, கொண்டுபோய், போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த சம்பந்தி வீட்டில் வைத்துவிட்டு வந்தார். சீட்டும் பெட்டிக்குள்தான் இருந்தது. அதுவும் சேர்ந்து புறப்பட்டால்தான் பயணம் பலிக்குமாம்.

மறுநாள் காரில் போய் இறங்கினோம். சம்பந்தி வீடு பூட்டியிருந்தது.

“அவிய அம்புட்டுப் பேரும் வேன் பிடிச்சு மதுரைக்குப் போயிட்டாவளே! யாரோ சொந்தக்காரரு பிளேன்ல போறாராம், வழியனுப்பணும்னு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“பெட்டியைக் கொண்டு போயிருப்பாங்களா மாமா?” என்றேன்.

“போறவன் கையாலதான் எடுக்கணும், யாரும் தொடக்கூடாதுன்னு நான்தாம்லே சொல்லி வச்சேன்” என்றார்.

விமானம் சொன்னபடி இரண்டு மணி நேரத்தில் பம்பாய் சேர்ந்திருக்கும். நல்ல நேரத்தில் புறப்பட்ட பெட்டி பன்னிரண்டு கிலோமீட்டர் போயிருந்தது. மாமாவும் அம்புட்டுதான்.