இல்லாத கிளட்ச்

மாமனாரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அவருடைய காரில் ஓட்டுபவர் காலடியில் கிடந்த ரப்பர் மேட்தான். அதன் வலது பாதி தேய்ந்து தகரம் தெரியும். இடது பாதி வாங்கிய அன்று இருந்ததுபோல, வரிகூட அழியாமல் இருக்கும். அவருக்கு இடது கால் முழங்காலுக்கு மேலே இல்லை. ஊன்றுகோலைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு ஓட்டுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ராஜபாளையத்துக்கு மருமகளாக வந்தபோதே அந்தக் கார் கிழடுதான். எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கிய சீமைக் கார், ஆட்டோமேட்டிக் கியர். இடது காலால் மிதிக்க வேண்டிய கிளட்ச் கிடையாது என்பதற்காகவே வாங்கியது. வாலிபம் முழுக்க லாரி ஓட்டிய மனுஷன்; இன்னொருவர் ஓட்டத் தான் உட்கார்ந்து போவதை அவரால் தாங்க முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் சோழபுரத்தில் ஓர் அம்மாவைப் பார்க்கப் போவார். மாமனாரின் லாரியில் கிளீனராக இருந்து செத்துப்போன பையனின் தாய் அவர். அங்கே தானே ஓட்டித்தான் போகவேண்டும் என்பதில் மாமனாருக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

அந்தக் கார் கியர் மாறும்போதெல்லாம் உதைக்கும். இரண்டாவது கியருக்கு ஒரு உதை, மூன்றாவதற்கு இன்னொன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒர்க் ஷாப் வைத்திருந்த பாயிடம் விட்டோம். இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கம்பியை உருவி கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்க வேண்டுமாம்; இத்தனை நாள் அணைத்துவிட்டுப் பார்த்து ஏமாந்திருக்கிறோம். கருகிய வாடை அடித்த ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினார், ஃபில்டரைக் கழுவினார், ஆக்ஸிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளைச் சரிசெய்தார். அவர் ஓட்டினால் வண்டி வெண்ணெயாக வழுக்கியது. மாமனார் உட்கார்ந்ததும் பழையபடி உதை. "அண்ணாச்சி, வண்டில ஒண்ணும் இல்ல" என்று பாய் கையை விரித்துவிட்டார். என் கணவர் பொறுமையிழந்து, இந்த மாதத்தோடு காரை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். மாமனாரின் முகம் செத்துப்போனது.

அந்த வெள்ளிக்கிழமை நானும் சோழபுரத்துக்குக் கூடப் போனேன். ரோட்டைப் பார்க்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இன்ஜின் இரைச்சல் ஏறியதும் மடித்துச் செருகிய வேட்டி துடித்து, தொடை கீழே அழுந்தியது. அதே நொடியில் வலது கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பி மறுபடி மிதித்தது. கார் உதைத்தது. கார் தன்பாட்டுக்குக் கியரை மாற்றிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் லாரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, கியர் மாறயில நீங்க ஆக்ஸிலேட்டர விட்டுருதீக," என்றேன் தயங்கித் தயங்கி.

"கிளட்ச மிதிச்சா விடத்தான தாயி செய்யணும்," என்றார் சாதாரணமாக. சற்று தூரம் போன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். காரை ஓரங்கட்டினார்.

அன்றுதான் தன் கால் போன விபத்தைப் பற்றி வாய் திறந்தார். பிளவக்கல் பக்கம் ஒரு மேட்டில் லோடு லாரி பின்னால் உருள ஆரம்பித்திருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை. பின்சக்கரத்துக்குக் கட்டை போடக் கிளீனர் குதித்து ஓடியிருக்கிறான். லாரி அவன்மேல் ஏறி, பள்ளத்தில் சாய்ந்து, இவர் காலையும் நசுக்கிவிட்டது.

"நான் போட்ட முதல் கியரு சரியா விழுந்துருச்சு தாயி. கிளட்ச விட்டிருந்தா வண்டி நின்னுருக்கும். நான் பயந்துபோயி மிதிச்சுக்கிட்டே இருந்துட்டேன்." மடித்த வேட்டியைத் தடவினார். "வெட்டி எறிஞ்ச பொறவும் அது இன்னும் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

அன்று வீடு திரும்பிய பிறகு அவர் அந்தச் சீட்டில் உட்காரவில்லை. நான் கெஞ்சியதில் காரும் விற்கப்படவில்லை. பாயிடம் அதே காரில் ஓட்டப் பழகி, வெள்ளிக்கிழமைகளில் நானே மாமனாரைச் சோழபுரத்துக்குக் கூட்டிப்போனேன். கார் உதைக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு கியர் மாறும்போதும் பக்கத்துச் சீட்டில் அந்த வேட்டி துடிப்பது என் கடைக்கண்ணில் தெரியும். அவர் சாகும்வரை அது நிற்கவில்லை.

இப்போது என்னிடம் இருப்பதும் ஆட்டோமேட்டிக் கார்தான். கிளட்ச் உள்ள வண்டியை நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. போன வாரம் சர்வீஸுக்கு விட்டபோது அங்கே வேலை பார்ப்பவர் என் காலடியில் கிடந்த மேட்டை உதறி என்னிடம் காட்டினார்.

"என்னக்கா, இடது பக்கம் இம்புட்டுத் தேஞ்சு கெடக்கு?"

வாங்கிப் பார்த்தேன். வரியெல்லாம் அழிந்து, பாதம் படும் இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. புது மேட் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அதையே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.