நான் போடாத கையெழுத்து

அறுபதாம் வருடம் இருக்கும். கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் எனக்குக் குழந்தையில்லை. என் தங்கையையே என் கணவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்க மாமியார் முடிவு செய்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் சம்மதத்தை எழுதி வாங்க, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பத்திரம் எழுதுபவரிடம் மாமியார், கணவர், நான் மூவரும் போனோம்.

அவர் பேனாவைத் தொடவேயில்லை. "சட்டம் வந்து வருசமாச்சுங்கம்மா. பொண்டாட்டி உயிரோட இருக்கச்சொல்ல இன்னொரு கல்யாணம் செல்லாது. இவங்க கையெழுத்துப் போட்டாலும் செல்லாது."

"அவளே சரின்னுட்டா, சர்க்காருக்கு என்னா பேஜாரு?" என்றார் மாமியார்.

என் கணவர்தான் முதலில் எழுந்தார். "வாம்மா, போலாம்."

பஸ்ஸில் மாமியார் அழுதார். நானும் அழுதேன். மாமியார் என் கையைப் பிடித்துத் தேற்றினார். நான் அழுதது சந்தோஷத்தில் என்பதை அவர் சாகும்வரை நான் அவரிடம் சொல்லவில்லை.